வேர்விடு மருந்து: எந்தத் திசு எதைச் சிதைக்கும், எவ்வளவு வைக்கலாம்

நட்ட குச்சி வேர் பிடிக்கவில்லையா, அடுத்த தடவை மருந்தைக் கூட்டி வை என்பார்கள். பெரும்பாலும் அதனால் கெடுதல்தான். வேர்விடு மருந்தெல்லாம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கிதான். செடிக்குள் போன ஆக்சின் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதில்லை. வெட்டுவாயில் அது அழிகிறது. பட்டைக்கு அடியில் வேறொன்றாக மாறுகிறது. மிஞ்சினால் செடியே அதைக் கட்டிப்போட்டு முடக்கிவிடுகிறது. எந்த மருந்து, எந்த இடத்தில், எத்தனை நொடி என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தச் சிதைவில் இருக்கிறது. மொரிசியஸில் வீட்டுத் தோட்டமோ சின்ன நாற்றுப்பண்ணையோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்பு இது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உள்ள பருவமும் திசையும் இங்கே பொருந்தாத இடங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

வெட்டுவாயில் தொடங்குவோம். கத்தி பட்டதும் உடைந்த செல்களிலிருந்து பெராக்சிடேஸ் என்ற நொதி கசியும். செடி தானே தயாரிக்கும் ஆக்சினான இன்டோல் அசிட்டிக் அமிலம், அதாவது ஐஏஏ, இந்த நொதிக்கு எளிதில் இரையாகும். வெளிச்சத்திலும் அது கெடும். அதனால் ஐஏஏ கரைசலில் குச்சியைத் தோய்த்தால் போட்டதில் பெரும்பங்கு உள்ளே போவதற்குள் வீண். இன்டோல் பியூட்ரிக் அமிலம், அதாவது ஐபிஏ, அப்படியில்லை. அந்த நொதிக்கு அது எளிதில் மசியாது. 1935-இலேயே அதன் வேர்விடும் ஆற்றல் தெரிந்துவிட்டது. இன்றுவரை நாற்றுப்பண்ணைகளின் முதல் மருந்து அதுதான்.

ஐபிஏ நேரடியாக வேலை செய்வதைவிட ஐஏஏ-வாக மாறி வேலை செய்வதுதான் அதிகம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழுவழுப்பாக இருக்கும் வளர்திசுவிலும் அதை ஒட்டிய உயிருள்ள செல்களிலும் பெராக்சிசோம் என்ற நுண்ணறைகள் உண்டு. அங்கே ஐபிஏ-வின் பக்கச் சங்கிலியிலிருந்து இரண்டு கார்பன் அணுக்கள் கழன்று ஐஏஏ பிறக்கும். வேர்முனை தோன்றும் இடமும் அதேதான். ஆக, ஐபிஏ தேவையான இடத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தாகிறது. செத்த கட்டையில் இந்த மாற்றம் நடக்காது. காய்ந்துபோன குச்சியை எவ்வளவு தோய்த்தாலும் பலன் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு மீறினால் என்ன ஆகும்? ஆக்சின் கூடியதும் அதே செல்கள் ஜிஎச்3 என்ற நொதிக் குடும்பத்தை முடுக்கிவிடும். இவை ஆக்சினை அஸ்பார்டிக் அமிலத்தோடோ குளூட்டாமிக் அமிலத்தோடோ பிணைக்கும். அப்படிப் பிணைந்த ஐஏஏ-வில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலைக்கு ஆகாத பொருளாக முடியும். குளுக்கோஸோடு சேர்த்தும் செடி அதை ஒதுக்கும். அலனினோடு சேர்ந்தது மட்டும் பின்னால் அவிழ்த்துக்கொள்ளும் சேமிப்பாக இருக்கலாம். எளிதில் வேர்விடும் ரகங்கள் பிணைத்து வைத்ததைத் தேவைப்படும்போது விடுவிக்கும். அடம்பிடிக்கும் ரகங்கள் பிணைத்ததைப் பிணைத்தபடியே வைத்திருக்கும் என்பது செர்ரி போன்ற மரங்களில் பார்க்கப்பட்டது. 3,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 3,000 பங்கு) வைத்து வராத வேர் 6,000 வைத்தால் வந்துவிடாது என்பதற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. கூடவே, அதிக ஆக்சின் எத்திலீன் என்ற வாயுவைக் கிளப்பும்: இலை மஞ்சளாகி உதிரும், அடி கறுக்கும், வேருக்குப் பதில் வெள்ளைக் கட்டி திரண்டு நிற்கும். இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அடுத்த முறை மருந்தைப் பாதியாகக் குறையுங்கள்.

நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம், என்ஏஏ, இன்னொரு ரகம். பெராக்சிடேஸ் அதை உடைக்காது. அஸ்பார்டிக் அமிலத்தோடு பிணைவது மட்டும் உண்டு. நீடித்து நிற்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேர் தோன்ற ஆக்சின் வேண்டும், தோன்றிய வேர் நீள ஆக்சின் குறைய வேண்டும். வேர்நுனித் திசுவுக்கு மிகச் சிறிய அளவே போதும்; மேலே போனால் நீட்சி நின்றுவிடும். என்ஏஏ அதிகம் வைத்த குச்சியை ஒரு மாதம் கழித்துப் பிடுங்கினால் தடித்த, குட்டையான, கிளை பிரியாத வேர்களைப் பார்க்கலாம். மருந்து வேலை முடிந்ததும் மறைய வேண்டும், அதனால் வீட்டில் ஒன்றுதான் வாங்குவதென்றால் ஐபிஏ வாங்குங்கள்.

கரைசல்

ஐபிஏ தூளாக வரும். தண்ணீரில் சரியாகக் கரையாது. லிட்டருக்குக் கால் கிராம் கரைவதே பெரிது. 1 கிராமை மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு எத்தனாலில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 10,000 பிபிஎம் மூலக்கரைசல். 0.2 கிராம் போன்ற சிறு அளவை நிறுக்கும்போது பிழை கூடும் என்பதால் ஒரு முழுக் கிராமில் தொடங்குவதே நல்லது. 2,000 பிபிஎம் வேண்டுமென்றால் 1 பங்கு மூலத்தோடு 4 பங்கு சேர்க்க வேண்டும். இங்கேதான் பலரும் வெறும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பால் போல வெளுத்தால் மருந்து படிந்துவிட்டது என்று பொருள். அதில் தோய்த்தால் ஒரு குச்சிக்கு அதிகம், ஒரு குச்சிக்கு ஒன்றுமில்லை. சேர்ப்பதும் 50 விழுக்காடு எத்தனாலாகவே இருக்கட்டும். நிறமூட்டிய ஸ்பிரிட் வேண்டாம். ரம் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் இந்தத் தீவில் உண்டு. அதை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் உப்பாக வரும் ஐபிஏ தண்ணீரிலேயே கரையும். இளந்தண்டுக்கு அதுவே நல்லது, ஏனென்றால் எத்தனால் இளந்திசுவைச் சுடும். உப்பின் எடை கூடுதல் என்பதால் 1 கிராம் ஐபிஏ-வுக்கு ஈடாக 1.19 கிராம் உப்பு எடுக்க வேண்டும். கடின நீரில் கரைக்காதீர்கள். மழைநீரோ வடிநீரோ போதும். எந்தக் கரைசலானாலும் பழுப்புப் பாட்டிலில், குளிர்பெட்டியில், கலந்த தேதியும் அளவும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். தோய்த்து மிஞ்சியதை மூலப் பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. சாறும் நொதியும் நுண்ணுயிரும் சேர்ந்தே போகும்.

செம்பருத்திக்கு அரைமுதிர்ந்த குச்சியில் 1,000 முதல் 3,000 பிபிஎம், மல்லிகைக்கு 1,000, செவ்வந்திக் கொழுந்துக்கு 500 முதல் 1,000, காகிதப்பூவின் முற்றிய குச்சிக்கு 3,000 முதல் 6,000. எல்லாவற்றிலும் கீழ் அளவில் தொடங்குங்கள். தோய்ப்பது அடியில் 1 முதல் 2 செ.மீ. மட்டும், 5 நொடி. எத்தனால் ஆறும்வரை ஓரிரு நிமிடம் விட்டு நடுங்கள். முற்றிய கட்டையானால் அடிப்பக்கத்தில் 2 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மெல்லியதாகச் சீவிவிட்டுத் தோய்த்தால் மருந்து வளர்திசுவைத் தொடும். தூளாக வைத்தால் 0.1 விழுக்காடு இளந்தண்டுக்கு, 0.3 அரைமுதிர்ந்ததற்கு, 0.8 கட்டைக்கு, ஒட்டியது போக மீதியைத் தட்டி உதறிவிடுங்கள்.

முருங்கைக்கு இதெல்லாம் வீண். 4 முதல் 5 செ.மீ. தடிமனில் ஒரு மீட்டருக்குக் குறையாத போத்து வெட்டி, வெட்டுவாய் ஓரிரு நாள் காய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டால் சேமித்த மாவுச்சத்தும் சொந்த ஆக்சினுமே போதும். கறிவேப்பிலை நேர்மாறு. தண்டுக் குச்சி லேசில் வேர்விடாது. தாய்மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் இளங்கன்றை வேரோடு பிரித்தெடுப்பது உறுதியான வழி. அந்தக் கன்றின் திசு வயதால் இளசு, ஆக்சினுக்குச் செவிசாய்க்கும்.

பருவம், மணல், தாய்ச்செடி

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. ஆடியில் இந்தத் தீவுக்குக் குளிர்காலம். கியூர்பிப், வாக்வா மேட்டுநிலத்தில் மண் குளிர்ந்து கிடக்கும். ஐபிஏ ஐஏஏ-வாக மாறுவதும் நொதி வேலைதான், குளிரில் அது மந்தமாகும். அடிமண் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது வேர் ஓடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல காலம்; குட்லண்ட்ஸ், திரியோலே போன்ற வடக்குச் சமவெளியில் கொஞ்சம் முந்தியே தொடங்கலாம். நிழலும் மாறும்: குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் சுவரின் தென்பக்கமே நிழல். சென்னைப் புத்தகத்தை நம்பி வடபக்கம் தட்டு வைத்தால் இலை கருகும்.

பவளமணல் எடுப்பது 2001 முதல் தடை. கட்டட வேலைக்கு வரும் மணல் அரைத்த கருங்கல். அதில் மாவுத்தூள் அதிகம், நனைந்தால் சிமெண்டு போல இறுகும். கழுவும் நீர் தெளியும்வரை அலசி, தேங்காய் நார்த்தூளோடு சரிபாதி கலந்தால் நல்ல ஊடகம். எங்காவது பழைய பவளமணல் கிடந்தாலும் வேண்டாம், சுண்ணாம்பு அது, பிஎச் ஏறும்.

தாய்ச்செடியின் மண்ணையும் பாருங்கள். மழை கொட்டும் மேட்டுநிலத்தின் அமில மண்ணில் மாங்கனீசு அதிகம் கரையும். ஐஏஏ-வை உடைக்கும் நொதிக்கு மாங்கனீசு துணைக்காரணி. செடியில் அது மிகுந்தால் ஆக்சின் வேகமாகக் கரையும். முதிர்ந்த இலையில் பழுப்புப் புள்ளிகள் உள்ள செடியில் குச்சி எடுக்காமல், சுண்ணாம்பு போட்டுப் பிஎச்சை 6 பக்கம் கொண்டுவந்த பிறகு எடுங்கள். பூமொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். சரசரவென்று நீண்ட புதுத்துளிரையும் தவிர்க்கலாம், அதில் ஜிப்ரலின் என்ற தண்டை நீட்டும் ஊக்கி ஓங்கியிருக்கும், அது வேர்முனைக்கு எதிரி. கடையில் விற்கும் ஜிப்ரலிக் அமிலத்தைக் குச்சிக்குத் தெளிப்பது இன்னும் மோசம்: செடி தன் சொந்த ஜிப்ரலினை முடக்கும் நொதிக்கு அந்த ரகம் சிக்காது, நெடுநாள் நிற்கும்.

லெச்சியில் விண்பதியன்

லெச்சிக் (லிச்சி) குச்சி நட்டு வேர் வருவது அரிது, ஆகவே மார்கோத்தான், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விடவைத்துப் பிரிக்கும் விண்பதியன். பழம் பறித்த பின் வந்த துளிர் முற்றியதும், 1.5 முதல் 2 செ.மீ. தடிமனுள்ள, வெயில்படும் கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து அரை மீட்டர் கீழே 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வெள்ளைக் கட்டை மேல் வழுக்கும் படலத்தைக் கத்தியின் முதுகால் உலர்ந்து சொரசொரப்பாகும்வரை சுரண்டுங்கள். இந்தப் படலம் மிஞ்சினால் இரண்டு வாரத்தில் பாலம் போட்டு மூடிக்கொள்ளும், வேர் வராது. மார்கோத் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நுனியிலிருந்து இறங்கி வரும் ஆக்சின் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும், மாவுச்சத்தும் அங்கேதான் நிற்கும். எனவே மருந்து மேல் விளிம்புக்கு மட்டும். கீழ் விளிம்பில் தடவுவது மரத்துக்குத் தானம். லனோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) 100 கிராமை வெந்நீரில் வைத்து இளக்கி, சில மி.லி. எத்தனாலில் கரைத்த 0.3 கிராம் ஐபிஏ-வைக் கிண்டிச் சேர்த்தால் 3,000 பிபிஎம் பசை. லெச்சிப் பட்டையில் பீனால்கள் மிகுதி, வெட்டியதும் காற்றுப் பட்டுப் பழுப்பாகும். பசை அந்தக் காற்றையும் தடுக்கும். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை இரண்டு கை நிறைய வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் சுற்றி, இரு முனையும் இறுகக் கட்டி, மேலே அலுமினியத் தாள் போர்த்துங்கள். பாசியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, சொட்டினால் அழுகும். புயல் மாதங்கள் என்பதால் கிளையைப் பக்கத்துத் தடித்த கொம்போடு கட்டிவிடுங்கள், உரித்த இடத்தில் அது முறியும்.

8 முதல் 12 வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அவசரப்படாமல் அது பழுப்பாகிக் கிளை பிரிந்த பிறகே வெட்ட வேண்டும். இலையில் பாதியைக் கழித்து, தொட்டியில் தாய்மரத்தடி மண் ஒரு பிடி சேர்த்து வையுங்கள். லெச்சி வேருக்குத் துணையான பூஞ்சை அதோடு வரும்.

மருந்து உயிரோடு இருக்கிறதா: பாசிப்பயறுச் சோதனை

கடையில் நெடுநாள் வெயிலில் இருந்த தூளை நம்ப முடியாது. சமையலறைப் பாசிப்பயறு ஒரு கைப்பிடி போதும். இரவு ஊறவைத்து, அலசிய மணலில் விதைத்து, வெளிச்சத்தில் 8 முதல் 10 நாள் வளருங்கள். முதல் இரண்டு இலைகள் விரிந்து, மூவிலை இன்னும் கடுகளவு மொட்டாக இருக்கும் நாளே சரியான நாள். விதையிலைக் கணுவுக்கு 3 செ.மீ. கீழே புதிய பிளேடால் வெட்டி, விதையிலைகளை எடுத்துவிட்டு, ஒரு குவளைக்கு 10 தண்டு வீதம் 2 செ.மீ. ஆழத்தில் நிறுத்துங்கள்.

2,000 பிபிஎம் கரைசலில் 5 மி.லி.யை ஒரு லிட்டரில் சேர்த்தால் 10 பிபிஎம். தூளானால் 0.3 விழுக்காட்டுத் தூள் 1 கிராமை முதலில் கொஞ்சம் எத்தனாலில் கலக்கி, 300 மி.லி. தண்ணீரில் விட்டால் அதே அளவு. டால்க் அடியில் தங்கும், பரவாயில்லை. முதல் குவளையில் மருந்தில்லாமல் அதே எத்தனால் மட்டும் கலந்த தண்ணீர். இரண்டாவதில் புது மருந்து, மூன்றாவதில் சந்தேக மருந்து, நான்காவதில் புது மருந்தோடு இலை கிள்ளிய தண்டுகள். 24 மணி நேரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் வெறும் தண்ணீருக்கு மாற்றி, தினம் நீர் மாற்றி, ஏழாம் நாள் வேர்முனைகளை எண்ணுங்கள்.

வெறும் நீரில் அடியில் சில வேர்கள் வரும். நல்ல ஐபிஏ-வில் தண்டு நெடுகப் பட்டை வெடித்து வரிசை வரிசையாக வேர் தள்ளும். ஐஏஏ கிடைத்து அதையும் ஒரு குவளை வைத்தால் வேர் எண்ணிக்கை குறைவதைப் பார்க்கலாம். பயற்றுத் தண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பிணைகின்றன; பிணைந்த ஐபிஏ ஆக்சினை நன்றாக விடுவிப்பதுதான் வித்தியாசம் என்று கருதப்படுகிறது. சந்தேக மருந்துக் குவளை வெறும் நீர் போலவே இருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். நான்காம் குவளையில் மருந்து இருந்தும் வேர் குறையும். இலை தரும் சர்க்கரையும் கொழுந்து தரும் ஆக்சினும் இல்லாத தண்டில் மருந்து மட்டும் என்ன செய்யும்? குச்சி நடும்போது எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள்; மேலே இரண்டு மூன்றை விட்டு, பெரிதானால் பாதியாக நறுக்குங்கள்.

இளநீர், பக்கத்துக் கரும்பு, அன்னாசி

குச்சியை இளநீரில் ஊறவைக்கும் யோசனை அடிக்கடி காதில் விழும். இளநீரில் சைட்டோகைனின் என்ற ஊக்கி உண்டு. அது துளிருக்கு உதவும், வேர்முனையைத் தடுக்கும். செடியே வேர்ப்பக்கம் சைட்டோகைனினை உடைக்கும் நொதியை வைத்திருக்கிறது. நாம் வலியப் போய் ஊற்ற வேண்டாம். திசு வளர்ப்புக் கூடத்தில் இளநீருக்கு இடம் உண்டு. அங்கேயும் வாழை, ஆந்தூரியம் கன்றுகளுக்கு அதிகம் கொடுத்த பென்சைல் அடினின் என்ற செயற்கைச் சைட்டோகைனின், தண்டடியில் அவிழாத குளுக்கோசைடாகத் தங்கி, பிறகு வேர்விட மறுக்கவைக்கும். மெட்டா டோபோலின் என்ற இன்னொரு சைட்டோகைனின் தங்கும் வடிவம் அவிழக்கூடியது என்பதால் பல கூடங்கள் அதற்கு மாறின.

பக்கத்துக் கரும்பு வயலில் அடிக்கும் 2,4-டி என்ற களைக்கொல்லியும் ஆக்சின்தான். கரும்பு அதன் வளையத்தில் ஹைட்ராக்சில் சேர்த்து, சர்க்கரையோடு பிணைத்துத் திரும்பாதபடி முடக்கிவிடும். தண்டில் வளையமான வளர்திசுவும் அதற்கு இல்லை. மிளகாய், தக்காளி, செம்பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகள் பிணைத்தாலும் மீண்டும் அவிழும், இலை நாடா போலச் சுருங்கி முறுக்கும். அப்படி முறுக்கிய செடியில் குச்சி எடுக்காதீர்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை நாற்றுக்குத் தொடவே கூடாது, எத்தனை முறை கழுவியிருந்தாலும். தனித் தெளிப்பான் வாங்குவதே மலிவு.

விக்டோரியா அன்னாசியை ஒரே நேரத்தில் பூக்கவைக்கும் எத்திஃபான், பிஎச் 4-க்கு மேல் உடைந்து எத்திலீன் விடும். கேரளத்தில் 25 பிபிஎம் எத்திஃபானோடு 2 விழுக்காடு யூரியாவும் 0.04 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டும் கலந்து செடியின் நடுக்குருத்தில் 50 மி.லி. ஊற்றச் சொல்கிறார்கள். கலந்ததும் ஊற்றிவிட வேண்டும். காலையில் கலந்து மாலை வரை வைத்தால் வாயு தொட்டியிலேயே போய்விடும்.

வெளியே எடுப்பது

வேர் பிடித்த கன்று பிளாஸ்டிக் மூடாக்கை எடுத்த மறுநாள் வாடிச் சாவது வேரின் குற்றம் அல்ல. தண்ணீர் குறைந்தால் இலைத்துளையை மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது நரம்புத் திசுவும் துளைக்காவல் செல்களும் அந்த அமிலத்தை விரைந்து ஃபேசிக் அமிலமாக மாற்றிவிடும். வாரக்கணக்கில் பிளாஸ்டிக்குக்குள் இருந்த இலையின் துளைகளுக்கு மூடும் பழக்கமே விட்டுப்போகிறது. முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் மூடாக்கைத் திறந்து வையுங்கள். அடுத்த வாரம் அரைநாள், பிறகு இரவு முழுக்க. பழைய இலை சில உதிர்ந்தாலும் திறந்த காற்றில் விரியும் புது இலை சரியாக இருக்கும். நண்பகலில் மூடாக்கில்லாமல் அந்தப் புது இலை தொய்யாமல் நின்றால் தொட்டி மாற்றலாம். அதுவரை உரம் வேண்டாம்.